ஏற வழி இருந்தது, இறங்க இல்லை: 2012 ஆர்பிஎஸ் மெயின்ஃபிரேம் முடக்கம்

2012 ஜூன் 20, புதன்கிழமை. பிரிட்டனில் நாட்வெஸ்ட் வங்கியில் கணக்கு வைத்திருந்தவர்கள் காலையில் இருப்பைப் பார்த்தால் முந்தைய நாளின் கணக்கே நின்றது. வந்திருக்க வேண்டிய சம்பளத்தைக் காணோம். கம்பெனிக்காரர் அனுப்பியாயிற்று என்கிறார், வங்கிக் கிளையில் இருப்பவருக்கோ திரையில் தெரிவதற்கு மேல் எதுவும் தெரியவில்லை. அப்போது நாட்வெஸ்டின் தாய் நிறுவனம் ராயல் பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்து, சுருக்கமாக ஆர்பிஎஸ். அதன் இன்னொரு துணை வங்கி, வட அயர்லாந்திலும் அயர்லாந்துக் குடியரசிலும் அப்போது கிளைகள் வைத்திருந்த அல்ஸ்டர் வங்கி. மூன்றும் சேர்ந்து மாட்டிக்கொண்டன. ஆர்பிஎஸ், நாட்வெஸ்ட் அமைப்புகளில் பெரும்பகுதி ஜூன் 26 வரை சீராகவில்லை. அல்ஸ்டருக்கு ஜூலை 10 ஆயிற்று. பிரிட்டனில் மட்டும் குறைந்தது 65 லட்சம் வாடிக்கையாளர்கள் பாதிக்கப்பட்டார்கள்.

கோளாறு வன்பொருளில் இல்லை. எந்த டிஸ்கும் போகவில்லை, யாரும் ஊடுருவவில்லை. ஒரு மென்பொருளைப் புதிய பதிப்புக்கு ஏற்றினார்கள், சரிப்படவில்லை என்று பழைய பதிப்புக்கே இறக்கினார்கள். இறக்கிய இடத்தில்தான் எல்லாம் நின்றது. வங்கிகள் நம்பியிருக்கும் பெரிய மையக் கணினியான மெயின்ஃபிரேமில் வேலை செய்கிற எங்களைப் போன்றவர்களுக்கு இந்தச் சம்பவம் இன்றும் உறுத்துவதற்குக் காரணம் அதுதான். ஏதாவது சரியில்லை என்றால் பழையபடி வைத்துவிடலாம் என்பது நாங்கள் தினமும் சொல்லிக்கொள்ளும் தைரியம்.

ராத்திரி வேலை

வங்கிக் கணினி பகலில் ஒரு மாதிரியும் இரவில் ஒரு மாதிரியும் வேலை செய்யும். பகலில் ஏடிஎம், கவுண்டர், இணைய வங்கி எல்லாம் ஆன்லைன். அப்போது நடக்கும் பரிவர்த்தனைகள் குறித்துவைக்கப்படும். அவற்றை முறைப்படி கணக்கில் ஏற்றுவது, வங்கிகளுக்கு இடையிலான தீர்வைப் போடுவது, சம்பளப் பட்டியலைப் பிரித்துப் போடுவது, குறித்த தேதியில் தானாகப் பணம் போக வாடிக்கையாளர் கொடுத்துவைத்த நிலையான உத்தரவுகளை நிறைவேற்றுவது, வட்டி கணக்கிடுவது எல்லாம் இரவு பேட்ச் வேலை, அதாவது மொத்தமாகச் சேர்த்து ஓட்டுவது. ஜாப் என்று பெயரிட்ட ஆயிரக்கணக்கான தனித்தனி வேலைகள் ஒன்றன்பின் ஒன்றாக, சில இடங்களில் பக்கம் பக்கமாக ஓடும். முதல் ஜாப் எழுதும் ஃபைலைத்தான் இரண்டாவது ஜாப் படிக்கும். இரண்டாவது முடியாமல் மூன்றாவது கிளம்பினால் நேற்றைய ஃபைலை இன்றையது என்று நினைத்துப் படித்துவிடும். எது எப்போது, எதற்குப் பிறகு ஓட வேண்டும் என்பதைக் கையில் வைத்திருக்கிற மென்பொருளுக்கு பேட்ச் ஷெட்யூலர் என்று பெயர். கல்யாண வீட்டில் பந்தி மேற்பார்வை பார்க்கிறவர் மாதிரி. அவர் சமைப்பதும் இல்லை, பரிமாறுவதும் இல்லை. ஆனால் அவர் கையில் இருக்கும் கணக்குக் குழம்பினால் சோறு இருந்தும் இலை காலியாக இருக்கும்.

ஆர்பிஎஸ்ஸில் இருந்தது சிஏ-7 என்ற ஷெட்யூலர் என்று அப்போது தொழில்நுட்பப் பத்திரிகைகள் எழுதின. பல வங்கிகளில், காப்பீட்டுக் கம்பெனிகளில் பல பத்தாண்டுகளாக ஓடுகிற பொருள்தான். அதில் ஜாப்கள் வரிசை வரிசையாக நகரும். ஓட வேண்டும் என்று கேட்கப்பட்டவை ஒரு வரிசை, தேவைகள் எல்லாம் தீர்ந்து தயாராக நிற்பவை ஒன்று, ஓடிக்கொண்டிருப்பவை ஒன்று, முடிந்தவை ஒன்று. இந்த வரிசைகள்தான் ஷெட்யூலரின் ஞாபகம். நிரல் எங்கே வேண்டுமானாலும் மறுபடி கிடைக்கும். இந்த ராத்திரி எதுவரை வந்திருக்கிறோம் என்ற ஞாபகம் அங்கே மட்டும்தான் முழுதாக இருக்கும்.

மூன்று நாட்கள்

ஜூன் 17, ஞாயிற்றுக்கிழமை. ஷெட்யூலரின் புதிய பதிப்பை ஏற்றினார்கள். ஞாயிறு என்பதில் தப்பில்லை, எல்லோரும் அப்படித்தான் செய்வோம். திங்கள் இரவு பேட்சில் சில விநோதங்கள் தென்பட்டன. செவ்வாய், 19-ஆம் தேதி, ஏற்றியதை எடுத்துவிடுவது என்று முடிவாயிற்று. எடுத்தால் என்ன ஆகும் என்பதை முதலில் சோதித்துப் பார்க்கவில்லை. அன்றிரவு பேட்ச் விழுந்தது.

நிதி நடத்தை ஆணையமான எஃப்சிஏ இரண்டு வருடம் கழித்து வெளியிட்ட ஆணையில் காரணத்தைச் சுற்றி வளைக்காமல் சொல்லியிருக்கிறது. ஏற்றப்பட்ட புதிய பதிப்பு பழைய பதிப்போடு ஒத்துப்போகாதது. வங்கியின் தொழில்நுட்பப் பிரிவு அதை உணரவில்லை. எடுத்துவிடும் முடிவை அந்த அறியாமையோடு எடுத்தார்கள்.

இதில் நான் கவனிப்பது திங்கட்கிழமையை. புதிய பதிப்பில் ஏதோ கோணலாக இருந்தாலும் திங்கள் இரவு பேட்ச் தட்டுத்தடுமாறி ஓடித்தான் இருக்கிறது. வண்டி முற்றாக நின்றது செவ்வாய் இரவு, சரிசெய்யப் போன பிறகு. அந்த அறையில் நான் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று யோசித்திருக்கிறேன். பழசுக்குப் போகலாம் என்றுதான் சொல்லியிருப்பேன். பத்தில் ஒன்பது பேர் அதையே சொல்வார்கள்.

மெயின்ஃபிரேம் தரும் வாக்கு

ஏன் எல்லோருக்கும் அந்த நம்பிக்கை? இதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

1964 ஏப்ரல் 7 அன்று ஐபிஎம் தன் சிஸ்டம்/360 வரிசையை அறிவித்தது. அதற்கு முன்பு ஒரே ஐபிஎம்மில் வாங்கிய 1401-க்கு எழுதிய நிரல் 7090-ல் ஓடாது. பெரிய இயந்திரம் வாங்கினால் எல்லாவற்றையும் திரும்ப எழுத வேண்டும். 360 வந்ததும் சின்னது முதல் பெரியது வரை ஒரே கட்டளைத் தொகுதி என்றாயிற்று. அன்றைக்குக் கொடுத்த அந்த வாக்கை அவர்கள் காப்பாற்றிவருவது உண்மையிலேயே அசாத்தியம். முகவரி 24 பிட்டாக இருந்து, 1983-ல் 31 பிட்டாகி, 2000-இல் இசட்சீரிஸ் 900 வந்தபோது 64 பிட்டானது. ஆனாலும் 24 பிட் காலத்து அசெம்பிளர் நிரல் 16 மெகாபைட் கோட்டுக்குக் கீழே தனக்கென்று விட்டுவைத்த இடத்தில் இன்றும் ஓடும். மூலநிரல் தொலைந்துபோய், எழுதியவர் ஓய்வுபெற்றுப் பேரன் பேத்தி எடுத்த பிறகும் ஓடத் தயாராக மாற்றிவைத்த அந்த லோடு மாட்யூல் மட்டும் ராத்திரி ராத்திரி வட்டி போட்டுக்கொண்டிருப்பதைப் பார்க்காத மெயின்ஃபிரேம்காரர் கிடையாது.

நம்பகத்தன்மைக்கும் இதே மாதிரி வரலாறு உண்டு. செயலியில் தப்பு நேர்ந்தால் அதே கட்டளையைத் தானே மறுபடி நடத்திப் பார்க்கும், முடியாவிட்டால் உதிரியாக வைத்திருக்கும் செயலிக்கு வேலையை மாற்றிவிடும். 2010-இல் வந்த இசட்196 முதல் நினைவகத்துக்கே ரெய்டு மாதிரி, ஒரு பகுதி கெட்டாலும் தரவு தொலையாத ஒரு ஏற்பாடு. 1994-இல் வந்த பாரலல் சிஸ்பிளெக்ஸில் பல இயந்திரங்கள் ஒரே தரவைப் பகிர்ந்து நிற்கும், ஒன்றை நிறுத்தி மேம்படுத்தும்போது மற்றவை ஓடிக்கொண்டிருக்கும். ஐந்து ஒன்பது என்று விற்பனைக்காரர்கள் சொல்லும் 99.999 சதவீதம், வருடத்துக்கு ஐந்து நிமிடச் சொச்சம் நிறுத்தம், இந்த அமைப்பை வைத்துச் சொல்லப்படுவது.

சரி, இந்த வாக்குக்கு ஒரு திசை இருக்கிறது. பழைய நிரல் புதிய இயந்திரத்தில் ஓடும் என்பதுதான் வாக்கு. புதியதில் உண்டான தரவைப் பழைய நிரல் புரிந்துகொள்ளும் என்று யாரும் எங்கேயும் எழுதித் தரவில்லை. எங்கள் துறையில் பலருக்கும் இந்த இரண்டும் ஒன்றாகவே மனதில் பதிந்திருக்கிறது.

இயங்குதளத்துக்கே கூட அந்த வாக்கு முழுசாகப் பொருந்தாது. பயன்பாட்டு நிரல் எத்தனை பழசானாலும் ஓடலாம், பழைய இயங்குதளம் புதிய இயந்திரத்தில் ஏறாது. இசட்13 இயந்திரம் வரை இஎஸ்ஏ/390 என்ற பழைய கட்டமைப்பு முறையில் இயங்குதளத்தை ஏற்ற முடிந்தது. 2017-இல் வந்த இசட்14-லிருந்து அது கிடையாது. இன்றைய மெயின்ஃபிரேம் இயங்குதளமான இசட்/ஓஎஸ்ஸையும் சும்மா ஏற்றிவிட முடியாது. புதிய இயந்திரம் வாங்குவதற்கு முன்பே, ஓடிக்கொண்டிருக்கும் இயங்குதளத்தில் அந்த இயந்திரத்துக்கென்று குறிக்கப்பட்ட பிடிஎஃப் (PTF) என்னும் மென்பொருள் திருத்தங்களைப் போட்டாக வேண்டும். எவை விடுபட்டிருக்கின்றன என்று திருத்தங்களை நிர்வகிக்கும் எஸ்எம்பி/இ கருவியிடம் கேட்டால் பட்டியல் கொடுக்கும்.

பதிப்புகள் சேர்ந்து வாழ்வதற்கும் விதி உண்டு. ஒரே சிஸ்பிளெக்ஸில் ஓர் இயந்திரம் புதிய இசட்/ஓஎஸ்ஸிலும் இன்னொன்று இரண்டு பதிப்பு பின்னாலும் இருக்கலாம், அதற்கும் பின்னால் இருக்கக் கூடாது. அப்படி இருக்கவும் ஒரு நிபந்தனை. புதியதை ஏற்றுவதற்கு முன்பே பழைய இயந்திரங்களில் சகிப்புத் திருத்தங்களைப் போட்டிருக்க வேண்டும். புதியவர் எழுதிவைக்கும் விநோதமான பதிவைப் பார்த்துப் பழையவர் பதறாமல் இருக்கக் கற்றுக்கொடுக்கும் திருத்தம் அது. திரும்பி வருவதற்கான வழியும் அதே திருத்தங்களால்தான் உண்டாகிறது. முன்னால் போவதற்கு முன் பின்னால் இருப்பதைச் செப்பனிடுகிறார்கள்.

இயங்குதளத்தை எழுதுகிறவர்கள் இந்த விஷயத்தில் அடிபட்டுப் பாடம் படித்தவர்கள் என்பதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் ஜெஸ்2. ஜாப்களை உள்ளே வாங்கி வெளியே அனுப்பும் பகுதி அது. தன் நிலையைச் செக்பாயின்ட் என்ற தரவுத்தொகுப்பில் வைத்திருக்கும். இசட்/ஓஎஸ் 1.11-இல் அந்தச் செக்பாயின்ட்டின் அமைப்பு மாறியது. ஆனால் 1.11-ஐ ஏற்றியவுடன் மாறிவிடாது. நிரல் புதியது, தரவு பழைய அமைப்பிலேயே இருக்கும். வாரக்கணக்கில் ஓட்டிப் பார்த்து, திரும்பிப் போகத் தேவையில்லை என்று திருப்தியான பிறகு ஆபரேட்டர் தனியாக ‘ஆக்டிவேட்’ கட்டளை கொடுத்தால்தான் தரவு புதிய அமைப்புக்கு மாறும். நிரலை மாற்றுவது ஒரு நாள், தரவை மாற்றுவது வேறொரு நாள்.

எடுத்துவிடுவது என்றால் என்ன

எஸ்எம்பி/இயில் திருத்தத்தைப் போட ‘அப்ளை’. நிரந்தரமாக்க ‘அக்செப்ட்’. நிரந்தரமாக்காதவரை ‘ரெஸ்டோர்’ கொடுத்து வெளியே எடுக்கலாம். சுத்தமாக, நம்பகமாக நடக்கும். கடைசியில் திரையில் பூஜ்யம் வரும், பிழையில்லை என்று அர்த்தம். அந்தப் பூஜ்யத்தைப் பார்த்ததும் வரும் நிம்மதி இருக்கிறதே, அதுதான் ஆபத்து. ரெஸ்டோர் திருப்பி வைப்பது நிரலை. இடைப்பட்ட நேரத்தில் அந்த நிரல் எழுதிவைத்த வரிசைகள், தரவுத்தளப் பதிவுகள், லாக் எதையும் அது தொடாது. தொடவும் கூடாது, அது வாடிக்கையாளரின் தரவு.

ஷெட்யூலர் மாதிரி வெளி நிறுவனப் பொருட்களில் இன்னொரு சிக்கலும் சேரும். அவை இயங்குதளத்தின் உடம்புக்குள்ளேயே கொக்கி போட்டு உட்கார்ந்திருக்கும். ஒரு ஜாப் முடிந்துவிட்டது என்பது ஷெட்யூலருக்கு எப்படித் தெரியும்? எது எப்போது ஓடியது என்று இயங்குதளம் எழுதும் எஸ்எம்எஃப் பதிவுகளை, எக்ஸிட் என்ற கொக்கி வழியே பிடித்துத்தான் தெரியும். அதனால் இசட்/ஓஎஸ் புதிதானால் ஷெட்யூலருக்கும் குறைந்தபட்சப் பதிப்பு இதுவாக இருக்க வேண்டும் என்று கேட்கும், ஷெட்யூலரை இறக்கினால் அது எந்த இயங்குதளப் பதிப்போடு பேசப் பழகியது என்பதையும் பார்க்க வேண்டும். பொருந்துமா என்ற கேள்விக்கு மேலே போகையில் ஓர் அட்டவணை கிடைக்கும். கீழே வருகையில் அநேகமாக ஒன்றும் கிடைக்காது, நாமே உட்கார்ந்து போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

ஞாயிறு முதல் செவ்வாய் வரை ஆர்பிஎஸ்ஸின் புதிய ஷெட்யூலர் இரண்டு நாள் ஓடியிருக்கிறது. அந்த இரண்டு நாளின் ஞாபகத்தை அது தன் அமைப்பில் எழுதியிருக்கும். பழையது வந்து உட்கார்ந்து அதைப் படித்தால் என்ன நடக்கும் என்பதை ஒரு சோதனைச் சூழலில் ஒரு மணி நேரம் பார்த்திருந்தால் போதும். அந்த ஒரு மணி நேரத்தை யாரும் செலவிடவில்லை.

ஒரு ஜாப் முடிந்ததா, இல்லையா

அப்போது வங்கியின் தலைமை நிர்வாகியாக இருந்த ஸ்டீபன் ஹெஸ்டர் பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழுத் தலைவருக்கு எழுதிய கடிதத்தில் ஒரு விஷயம் உண்டு. செயலாக்கம் எந்த இடத்தில் நின்றது என்பதை முதலில் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது, அதனால் அடுத்தடுத்த பேட்ச்கள் தாமதமாகிப் பெரிய தேக்கம் உண்டானது என்று. வெளியாள் படித்தால் சப்பைக்கட்டு மாதிரி இருக்கும். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

பழைய மகாபலிபுரம் சாலையில் ஓர் அலுவலகத்தில் நான் நைட் ஷிஃப்ட் பார்த்த காலம். வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவருடைய பேட்ச். ஒரு ராத்திரி ஷெட்யூலரை நிறுத்தி எழுப்பிய பிறகு, வட்டிப் பதிவு ஜாப் ஒன்று ஓடிக்கொண்டிருப்பதாகவே ஆக்டிவ் வரிசையில் நின்றது. வழக்கமாகப் பன்னிரண்டு நிமிடத்தில் முடிகிற ஜாப், ஒன்றரை மணி நேரமாக அப்படியே இருக்கிறது. பக்கத்தில் இருந்த புதுப் பையன், “தொங்கிப்போச்சு அண்ணே, கேன்சல் பண்ணிட்டு ரீரன் கொடுத்துடவா?” என்றான். கை விசைப்பலகை மேலேயே இருக்கிறது. ரீரன் என்றால் மறுபடி ஓட்டுவது. “இருடா, தொடாதே” என்று, ஜாப்களையும் வெளியீட்டையும் காட்டும் எஸ்டிஎஸ்எஃப் திரையைத் திறந்து அந்த ஜாபின் வெளியீட்டைத் தேடினோம். ஓடுகிற பட்டியலில் அது இல்லவே இல்லை. முடிந்த பட்டியலில் இருந்தது. படி படியாகப் பார்த்தால் ஏழு ஸ்டெப்பும் பூஜ்யத்தில் முடிந்திருந்தது, ஷெட்யூலர் மூடியிருந்த அந்த நான்கு நிமிட இடைவெளியில். முடிந்த செய்தியைக் கேட்க ஆள் இல்லாத நேரத்தில் அது முடிந்துவிட்டது. ரீரன் கொடுத்திருந்தால் ஒரே நாளைக்கு இரண்டு முறை வட்டி ஏறியிருக்கும். ஏனென்றால் அது மாஸ்டர் ஃபைலை அந்த இடத்திலேயே திருத்தும் ஜாப், ஏற்கெனவே ஓடினோமா என்று தன்னைத்தானே கேட்டுக்கொள்ளத் தெரியாதது.

அந்த ஒரு ஜாபை உறுதிசெய்ய எங்கள் இரண்டு பேருக்கு இருபத்தைந்து நிமிடம் ஆயிற்று. வெளியீடு, ஒவ்வொரு ஓட்டத்துக்கும் புதுத் தலைமுறையாக உண்டாகும் ஜிடிஜி ஃபைலின் தலைமுறை எண், பதிவுகளின் எண்ணிக்கை, கட்டுப்பாட்டு அறிக்கையில் கூட்டுத்தொகை என்று எல்லாவற்றையும் பார்த்த பிறகுதான் வரிசையில் அதைக் கையால் முடிந்ததாகக் குறித்தோம். இதை ஆயிரக்கணக்கான ஜாப்களுக்குச் செய்ய வேண்டும், பல நேர மண்டலங்களில் இருப்பவர்கள் எல்லோரும் சேர்ந்த தொலைபேசி அழைப்பான பிரிட்ஜ் காலில் கத்திக்கொண்டிருக்க, அடுத்த நாள் பேட்ச் பின்னால் வந்து நிற்க என்று வைத்துக்கொண்டால் எடின்பரோவில் அந்த வாரம் எப்படி இருந்திருக்கும் என்பது புரியும். சிலவற்றை ரீரன் செய்யலாம், சிலவற்றைக் கூடாது, சிலவற்றுக்கு முந்தைய நகலை மீட்டு வைத்துவிட்டு ஓட்டலாம். எது எந்த வகை என்பது சில இடங்களில் ரன் புக் என்ற செயல்முறைக் குறிப்பேட்டில் எழுதியிருக்கும். பல இடங்களில் இருபது வருடமாக அங்கே இருப்பவரின் தலைக்குள் மட்டும் இருக்கும்.

இன்னொரு கொடுமை, பேட்ச் தவணை தவறினால் அது ஒரு நாள் தாமதத்தோடு நிற்காது. புதன் இரவு ஓட வேண்டியது செவ்வாய் முடிந்தால்தான் ஓடும். செவ்வாய் வியாழன் வரை இழுத்தால் இரண்டு இரவுகள் பின்னால் நிற்கின்றன, புதுப் பரிவர்த்தனைகளோ நிற்காமல் வந்துகொண்டே இருக்கின்றன. அதுவும் மாதக் கடைசி நெருங்கி, சம்பளமும் வீட்டுக் கடன் தவணையும் குவிகிற நேரம்.

வரிசையில் கடைசி ஆள்

ஆர்பிஎஸ் 2000-இல் நாட்வெஸ்டை வாங்கியது. அதோடு அல்ஸ்டர் வங்கியும் வந்தது. வாங்கிய வங்கிகளைத் தன் கணினி அமைப்புக்கே மாற்றிக்கொண்டது, செலவு குறையும் என்று. அந்தக் கணக்கு சரிதான், குறைந்தது. ஆனால் இரவு ஓட்டத்தில் ஒருவர் முடிந்து ஒருவர் என்று வரிசை கட்டிய ஏற்பாட்டில் அல்ஸ்டர் கடைசியில் நின்றது. முதலில் நாட்வெஸ்டும் ஆர்பிஎஸ்ஸும் தெளிய வேண்டும், பிறகுதான் அல்ஸ்டரின் தேக்கத்தில் கை வைக்க முடியும் என்று ஆயிற்று. இங்கிலாந்தில் பத்திரிகைகள் அடுத்த செய்திக்குப் போய்விட்ட பிறகும் டப்ளினிலும் பெல்ஃபாஸ்டிலும் ஜனங்கள் வங்கி வாசலில் நின்றார்கள். அயர்லாந்து மத்திய வங்கி இதற்காக 2014 நவம்பரில் அல்ஸ்டருக்கு 35 லட்சம் யூரோ அபராதம் போட்டது. அல்ஸ்டர் அந்த ஷெட்யூலரைத் தொடக்கூட இல்லை.

பாதிப்புகளின் பட்டியல் நீளம். இணைய வங்கி திறக்கவில்லை, தவறான வட்டி ஏறியது, அறிக்கைகள் தப்பாக அச்சாயின, வெளிநாட்டில் இருந்தவர்கள் கையில் காசில்லாமல் நின்றார்கள், கம்பெனிகள் சம்பளம் போட முடியவில்லை. ஜாமீன் பணம் போய்ச் சேராமல் ஒருவர் சிறையில் கூடுதலாக இருக்க நேர்ந்ததாகவும் செய்தி வந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட கிளைகளை ஞாயிற்றுக்கிழமையும் திறந்துவைத்தார்கள்.

ஹைதராபாத் பேச்சு

இந்தச் சம்பவத்தில் நம் பக்கம் இழுக்கப்பட்ட ஒரு கிளைக்கதை உண்டு. அதே வருடத் தொடக்கத்தில் ஹைதராபாத்தில் சிஏ-7 தெரிந்த ஆட்கள் வேண்டும் என்று ஒரு வேலை விளம்பரம் வந்திருந்தது. அதைத் தோண்டி எடுத்து, அனுபவமுள்ள பிரிட்டிஷ் ஊழியர்களை அனுப்பிவிட்டு இந்தியாவில் மலிவாக ஆள் எடுத்ததன் விளைவு இது என்று தொழிற்சங்கமும் பத்திரிகைகளும் பேசின. அனுபவமில்லாத ஒருவர் வரிசையையே அழித்துவிட்டார் என்ற கதையும் அப்போதே கிளம்பியது. எங்கள் அலுவலகக் காண்டீனில் ஒரு வாரம் இதே பேச்சுதான், கோபமும் கொஞ்சம் பயமுமாக.

ஹெஸ்டரின் கடிதம் அதற்குப் பதில் சொன்னது. பராமரிப்புப் பணி நடந்த அமைப்புகளை நிர்வகித்ததும் இயக்கியதும் எடின்பரோவில் இருந்த குழு. எஃப்சிஏவின் ஆணையும் தனியொருவரின் கைத்தவறு என்று விஷயத்தை முடிக்கவில்லை. ஆனாலும் இந்தக் கதைக்குள் ஒரு துளி நிஜம் இருப்பதாகவே நினைக்கிறேன், ஊர் சம்பந்தமாக அல்ல. தலைக்குள் இருக்கும் ரன் புக் ஆளோடு வெளியேறிவிடும். அந்த ஆள் எடின்பரோவில் இருந்தாலும் சிறுசேரியில் இருந்தாலும் அப்படித்தான்.

அபராதம்

2014 நவம்பரில் எஃப்சிஏ 4 கோடியே 20 லட்சம் பவுண்டும், விவேக ஒழுங்குமுறை ஆணையமான பிஆர்ஏ 1 கோடியே 40 லட்சம் பவுண்டும் அபராதம் விதித்தன. வங்கி சீக்கிரமே ஒப்புக்கொண்டதற்கு 30 சதவீதம் தள்ளுபடி போக மீதி இது, இல்லையென்றால் மொத்தம் 8 கோடி. இதற்கு மேல் வாடிக்கையாளர்களுக்கு 7 கோடியே 3 லட்சம் பவுண்ட் ஈடு கொடுத்தார்கள், வாடிக்கையாளர் அல்லாதவர்களுக்கு 4 லட்சத்து 60 ஆயிரம். ஹெஸ்டர் அந்த வருட போனஸை விட்டுக்கொடுத்தார்.

ஆணையில் இரண்டு இடங்கள் முக்கியம். ஒன்று, இது பணம் போடாததால் வந்த வினை அல்ல, தகவல் தொழில்நுட்பப் பராமரிப்புக்கு வருடம் 100 கோடி பவுண்டுக்கு மேல் செலவழிக்கிறார்கள் என்கிறது. 2013 டிசம்பரில் வேறொரு முடக்கத்துக்குப் பிறகு ஹெஸ்டருக்கு அடுத்து வந்த ராஸ் மெக்கெவன், பல பத்தாண்டுகளாக ஆர்பிஎஸ் தன் அமைப்புகளில் முறையாக முதலீடு செய்யவில்லை என்று ஒப்புக்கொண்டார். இரண்டில் எது சரி? இரண்டுமே இருக்கலாம். 100 கோடி செலவழித்தாலும், ஷெட்யூலரை இறக்கிப் பார்க்க நிஜத்தைப் போலவே ஒரு சோதனைச் சூழல் என்று கேட்டால் அதற்கு மட்டும் பட்ஜெட் இருக்காது. எந்த நிறுவனத்தில் வேலை பார்த்தாலும் இது நமக்குப் பழக்கமானதுதான்.

இரண்டாவது இடம் எனக்குப் பெரிதாகப் படுகிறது. கட்டடம் எரிந்தால், மின்சாரம் போனால் என்ன செய்வது என்ற தொடர்ச்சித் திட்டம் வங்கியிடம் இருந்தது. அடி விழுந்தாலும் தாங்கும்படி, விழும் அடி சின்னதாக இருக்கும்படி அமைப்பை வடிவமைப்பதில் கவனம் போதவில்லை என்கிறது ஆணை. மெயின்ஃபிரேம் மொழியில் சொன்னால், இரண்டாவது தளத்துக்கு நிமிடத்துக்கு நிமிடம் டிஸ்க் நகல் போய்க்கொண்டிருந்தால்கூட அதனால் இங்கே ஒரு பிரயோஜனமும் இல்லை. கெட்டுப்போன வரிசையும் அப்படியே, ஒரு பைட் பிசகாமல், அங்கே போய்ச் சேர்ந்திருக்கும்.

அப்புறம்

மைய அமைப்பு படுத்தாலும் ஏடிஎம்மும் கார்டும் இருப்பைத் தெரிந்துகொண்டு ஓடும்படி ‘மிரர் பேங்க்’ என்று ஒரு நிழல் ஏற்பாட்டைப் பின்னாளில் ஆர்பிஎஸ் கட்டியது. நல்ல யோசனை. ஆனால் அது விழுந்த பிறகு தாங்கும் மெத்தை. ஏணியில் இறங்கும் படி இருக்கிறதா என்ற கேள்வி அப்படியே இருக்கிறது. குழுமத்தின் பெயர் 2020-இல் நாட்வெஸ்ட் என்று மாறிவிட்டது.

நான் வேலை பார்த்த இடத்தில் சேஞ்ச் படிவத்தில் ‘பேக்அவுட் திட்டம்’ என்று ஒரு கட்டம் உண்டு. 2012-க்கு முன்பு அதில் பெரும்பாலும் ஒரே வரிதான் எழுதுவோம், ‘ரெஸ்டோர் செய்யப்படும்’ என்று. யாரும் கேட்டதில்லை. அந்த வருடக் கடைசியில், எந்த டேப்பில் என்ன இருக்கிறது என்ற பட்டியலை, அதாவது கேட்டலாகை, வைத்திருக்கும் டேப் மேலாண்மைப் பொருள் ஒன்றின் புதிய பதிப்புக்கு அதே வரியை எழுதிக் கொடுத்தேன். ஒப்புதல் தர வேண்டிய அம்மா, ஓய்வுக்கு ஒன்றரை வருடம் இருந்த சீனியர், படிவத்தைத் திருப்பி அனுப்பிவிட்டுப் போனில் கூப்பிட்டார். “ரெஸ்டோர் பண்ணுவீங்க, சரி. அதுக்கு முன்னாடி புதுப் பதிப்பு மூணு நாள் கேட்டலாகில் எழுதியிருக்குமே, அதைப் பழசு படிக்குமா? டெஸ்ட் சிஸ்டத்தில் ஏத்தி, ரெண்டு ராத்திரி பேட்ச் ஓட்டி, இறக்கி, மூணாவது ராத்திரி ஓட்டிட்டு வாங்க. அந்த மூணாவது ராத்திரி லாக் எனக்கு வேணும்.”

ஓட்டினோம். மூன்றாவது ராத்திரி, மணி இரண்டே காலுக்கு, பழைய பதிப்பு கேட்டலாகைத் திறந்ததும் அபெண்ட் ஆயிற்று, பாதியிலேயே விழுந்தது. விற்பனையாளரிடம் டிக்கெட் போட்டோம். பழைய பதிப்புக்கு ஒரு சகிப்புத் திருத்தம் ஏற்கெனவே இருக்கிறது, ஏற்றுவதற்கு முன் அதைப் போட்டிருக்க வேண்டும், நிறுவல் கையேட்டில் பின்னிணைப்பில் இருக்கிறது என்று பதில் வந்தது. இருந்தது. அதைப் போட்டு மறுபடி மூன்று ராத்திரி ஓட்டினோம், இறங்கியது. படிவத்தில் கட்டம் போதாமல் பின்பக்கத்திலும் எழுதிக் கொடுத்தேன்.